வைத்தியம் தெரியாத டாக்டரம்மா

தர்பூசணியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் இஃதிதால். இடது கை பழத்தை அணைத்திருக்கிறது. வலது கையின் நடுவிரல் மேலே ஒரு சுண்டு, பக்கவாட்டில் ஒரு சுண்டு, பிறகு பழத்தைப் புரட்டிப் போட்டு மறுபடி ஒன்று. வண்டிக்காரன் ஸாபிர் கத்தியை ஓங்கியபடி காத்திருக்கிறான். அலெக்சாந்திரியாவில் கோடை வந்தால் தர்பூசணியைக் கத்திமேல் விற்பதுதான் வழக்கம். வெட்டிக் காட்டுவான், சிவந்திருந்தால் காசு, வெளுத்திருந்தால் நஷ்டம் அவன் தலையில். இந்த ஒரு வாடிக்கைக்காரர் மட்டும் கத்தியைக் கீழே வை என்கிறார்.

"வெட்டிக் காட்டிடறேன் டாக்டரம்மா. எதுக்கு இந்தப் பாடு?"

"வெட்டினா கழுதைக்கும் தெரியும், சிவப்பா வெள்ளையான்னு. வெட்டாம சொல்லு பாக்கலாம்."

"சிவப்புதான். சத்தமே சொல்லுதே!"

"யார் சொன்னது? ஒரே சத்தம் போடற ரெண்டு பழம் இருக்கக் கூடாதா? ஒண்ணு பழுத்தது, ஒண்ணு பிஞ்சு?"

ஸாபிர் பரிதாபமாக என்னைப் பார்க்கிறான். எதிர்ச் சாரியில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தகம் என் பொறுப்பு. எங்கள் ஊரில் மருந்து கட்டிக் கொடுப்பவனும் டாக்டர்தான், பல் பிடுங்குகிறவனும் டாக்டர்தான். அதனால் இந்த மாதிரி வழக்கெல்லாம் என்னிடம் தீர்ப்புக்கு வரும். நான் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். இஃதிதாலிடம் வாயைக் கொடுத்தால் என் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

இஃதிதால் என்றால் எங்கள் மொழியில் நிதானம். பெயர் வைத்த அப்பாவை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். லிஃப்டில் ஏறினால் லிஃப்ட்காரனோடு, மழை பெய்தால் வானிலை சொன்னவனோடு, நோன்புக் காலத்தில் பாங்கு ஒரு நிமிடம் பிந்தினால் பள்ளிவாசலோடு அவருக்கு வழக்கு உண்டு. எல்லா வழக்கும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: "யார் சொன்னது?" பிறந்தது தும்யாத். அந்த ஊர்க்காரர்களின் கைச்சிக்கனத்தைப் பற்றி நாடு முழுக்கக் கேலி உண்டு. விருந்தாளி வந்தால், 'சாப்பிடறீங்களா, இல்ல வயிறு லேசா இருக்கத் தூங்கறீங்களா?' என்று கேட்பார்களாம். செவிலியர்கள் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் விடமாட்டார். ஒரே தேயிலைப் பையை இரண்டு கோப்பையில் முக்கி, "ரெண்டாவதுதான் ருசி, உங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சு" என்பார். ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வரும்போதும் ஒரு தகரம் நிறைய உப்பு நீரில் ஊறிய வெண்ணெய்க்கட்டி வரும். வார்டு முழுக்கப் பங்கு போடுவார். யாராவது நன்றி சொன்னால் கோபம் வந்துவிடும். கெட்டுப்போய்விடும் என்பதால்தான் கொண்டு வந்தாராம்.

அவர் வைத்தியர் இல்லை. பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியல் சொல்லிக் கொடுப்பவர். அதிரும் தோல், வளையும் தகடு, குழாய்க்குள் போகும் அலை, இவைதான் அவர் உலகம். சக ஆசிரியைக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க ஒரு நாள் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். எல்லாரும் குழந்தையின் மூக்கு யார் சாயல் என்று பேசிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் உச்சிக்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "இது ஏன் இப்படித் துடிக்குது?" என்று கேட்டாராம். அன்று அந்தக் கேள்வி கேட்டவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய மாவுக்கட்டு அறை ஒன்றை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அது என் மருந்தகத்துக்கு நேர் எதிரே.

விஷயம் இதுதான். கைக்குழந்தைக்கு மண்டையோடு இன்னும் கூடாத இடத்தில், நெற்றிக்கு மேலே, தோல் மெல்லத் துடிக்கும். சில குழந்தைகளுக்குத் தலைக்குள் நீர் கோத்து அழுத்தம் ஏறும். அதை அறிய ஊசி குத்த வேண்டும், அல்லது படம் எடுக்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் படம் எடுக்கும் இயந்திரம் பாதி நாள் ஓய்வில் இருக்கும். தோல் துடிக்கும் விதத்தை வெளியிலிருந்து கேட்டே உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று சொல்ல முடியுமா? இதுதான் இஃதிதாலின் ஆய்வு. விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிப் போட வேண்டிய கணக்கு இது. அதில் உள்ள வில்லங்கமும் தர்பூசணியில் உள்ளதேதான்: இரண்டு வேறு வேறு அழுத்தங்கள் ஒரே துடிப்பைத் தந்தால் என்ன செய்வது? குழந்தையைப் படுக்க வைத்து ஒரு முறை, நிமிர்த்தி வைத்து ஒரு முறை கேட்டால் அந்தக் குழப்பம் தீரும் என்று காகிதத்தில் நிரூபித்திருக்கிறார். 'காகிதத்தில்' என்ற சொல்லை அவரே அழுத்திச் சொல்வார். காகிதத்தில் இருக்கும் குழந்தை அழாது, உதைக்காது, மேலே கக்காது. நிஜக் குழந்தைகளிடம் அது நிற்குமா என்று பார்க்கத்தான் இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு தலையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

நிரூபணமெல்லாம் என் மருந்தகத்துப் பழுப்புப் பைகளின் மேல்தான் நடக்கும். கேட்காமலே கட்டுக்கட்டாக எடுத்துப் போய்விடுவார். ஒரு நாள் அவர் கணக்கு எழுதிய பை ஒன்று எப்படியோ திரும்பி வந்து கலந்துவிட்டது. அதில் இருமல் மருந்தை வாங்கிப் போன தகப்பன் ஒருவர் மறுநாள் கவலையோடு வந்து நின்றார். "இந்த நீளக் கொக்கி போட்டிருக்கே டாக்டர், இது சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டார். இதை இஃதிதாலிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத்தான் காலையிலிருந்து தேடறேன், யோவ்!" என்று பிடுங்கிக்கொண்டு போனார்.

இனி டாக்டர் என்ற சொல்லுக்கு வருகிறேன். மாவுக்கட்டு அறைக்கு வெளியே தாய்மார்கள் உட்காரும் நீள பெஞ்சு உண்டு. இஃதிதாலுக்கு வெள்ளை அங்கி, கழுத்தில் ஏதோ வயர், எல்லாரும் 'தக்தூரா', அதாவது டாக்டரம்மா, என்று கூப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவருக்கும் அதே சொல், காய்ச்சல் பார்ப்பவருக்கும் அதே சொல். அபூ கீரிலிருந்தும் மக்ஸிலிருந்தும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் ஏறி வரும் பெண்ணுக்கு இதில் என்ன வித்தியாசம் தெரியப் போகிறது? "டாக்டரம்மா, இவனுக்கு வயிறு போகுது", "டாக்டரம்மா, இந்தத் தடிப்பைப் பாருங்க" என்று நீட்டுவார்கள். தொடக்கத்தில் இஃதிதால் ஒவ்வொருத்தியிடமும் மறுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி டாக்டரம்மா என்பார்கள். பிறகு விட்டுவிட்டார். "ஒவ்வொருத்திக்கும் பாடம் நடத்திட்டிருந்தா நான் எப்ப வேலை பாக்கறது?" என்றார் என்னிடம்.

அந்த அலுப்புக்கு விலை கொடுத்தது ஜனா என்ற ஏழு மாதக் குழந்தை. அப்பா அதிய்யா மக்ஸில் மீன் பிடிப்பவர். ஜனாவுக்குப் பிறந்த சில வாரங்களில் தலையில் நீர் கோத்தது. அறுவை மருத்துவர்கள் காதுக்குப் பின்னால் ஒரு குழாய் வைத்து நீரை வயிற்றுக்கு இறக்கிவிட்டார்கள். மாதா மாதம் அவர்களிடம் காட்ட வேண்டும். ஜனாவின் அம்மாவோ மாதா மாதம் இஃதிதாலிடம் வந்து தலையைக் கேட்கக் கொடுத்துவிட்டு, அதுதான் காட்டுவது என்று நினைத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடைசி முறை வந்தபோது குழந்தையைப் படுக்க வைத்து ஒரு பதிவுதான் எடுத்தார்கள். அம்மாவுக்கு பஸ் அவசரம். கருவியை எடுத்துக்கொண்டே இஃதிதால் சொன்னார்: "முடிஞ்சுது, போயிட்டு வா." அவர் சொன்னது பதிவு முடிந்தது. அவள் காதில் விழுந்தது வியாதி முடிந்தது.

குழாய் அடைத்துக்கொண்டது. குழந்தை வாந்தி எடுத்தபோது பல் முளைக்கிறது என்று நினைத்தார்கள். கருவிழிகள் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்றைக்கே குழாயை மாற்றினார்கள். குழந்தை பிழைத்தது. அதிய்யா மாடிப்படிகளில் நின்று போட்ட கூச்சலில் கட்டடமே அதிர்ந்தது. "டாக்டர் வேஷம் போட்டு என் புள்ளையைக் கொல்லப் பாத்தா!" என்றார். புகாரும் கொடுத்தார். எனக்கு இஃதிதால் மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் பை எடுக்க விடவில்லை.

விசாரிக்க உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். குழந்தை மருத்துவத் துறைத் தலைவர் ஷவ்கத், வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல், மூன்றாவது ஆள் நான். ஷவ்கத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கை பட்டுப் பிழைத்த குழந்தைகள் இன்று மீசையோடு வந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு மிகவும் இறங்கியிருந்தது.

"உக்காருங்க இஃதிதால். காபி சொல்லட்டுமா?"

"நின்னுக்கறேன்."

"அந்த அம்மா உங்களை டாக்டர்னு நினைச்சாங்க."

"ஆமா."

"இல்லைன்னு நீங்க சொன்னீங்களா?"

"சொல்லல. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுட்டேன். தப்பு என்னோடது." ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னிக்கு எடுத்த பதிவை வச்சு நானே ஒண்ணும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஒரு நிலையில மட்டும் கேட்டது. அதுக்கு ரெண்டு விடை வருது. ஒண்ணு நல்லா இருக்கற குழந்தை, ஒண்ணு சாகப்போற குழந்தை."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படீன்னா பதிவு எடுக்க அந்த அம்மா குடுத்த சம்மதம் செல்லாது. அவங்களோடது மட்டுமில்ல. உங்களை டாக்டர்னு நம்பிக் குடுத்த எவளோட சம்மதமும் செல்லாது. எடுத்த பதிவு மொத்தமும் குப்பை."

இஃதிதாலின் முகம் மாறியதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஷவ்கத் கை உயர்த்தி வக்கீலை அமர்த்தினார். அவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். "வழி இருக்கு. பதிவு எடுக்கும்போதெல்லாம் தாய்மாருக்கு எங்க துறை டாக்டர் ஹைதம் விளக்கிச் சொன்னார்னு வச்சுக்கலாம். அவர் வைத்தியர். யாரும் கேள்வி கேக்க முடியாது. ஆய்வு எங்க துறையோடதா வெளிவரும். முதல் பேரு என்னோடது, அடுத்தது உங்களோடது. உங்க கணக்குல ஒரு வரி குறையாது."

"யார் சொன்னது?"

"எது?"

"ஹைதம் விளக்கினார்னு யார் சொன்னது? நான் முதல் குழந்தையைக் கேக்கறப்போ உங்க ஹைதம் பட்டாளத்துல உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தான்!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஷவ்கத் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

"உங்களைக் காப்பாத்தத்தான் பாக்கறேன் அம்மா," என்றார் அவர், இன்னும் தாழ்ந்த குரலில்.

"தெரியும் டாக்டர். நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா ஒரு பொய்யை உள்ள வச்சுகிட்டு கணக்குப் போட ஆரம்பிச்சா எதை வேணா நிரூபிக்கலாம். கழுதை பறக்கும்னு நிரூபிக்கலாம். அந்தக் கணக்கை நம்பி நாளைக்கு எவனோ ஒருத்தன் ஒரு குழந்தைக்குக் குழாய் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவான்."

"அப்ப உங்க வழி என்ன?"

"எல்லார்கிட்டயும் மறுபடி கேக்கறேன். நான் வைத்தியம் பாக்கறவ இல்ல, இதனால உங்க புள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லன்னு முதல்லயே சொல்லிட்டுக் கேக்கறேன். வேணாம்னு சொன்னா அவங்க கண்ணு முன்னாலயே அழிச்சிடறேன்."

"எவ சரின்னு சொல்லுவா?" ஷவ்கத் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாதிப் பேர் போனாலே உங்க ஆய்வு நிக்காதுன்னு நீங்களே என்கிட்ட சொல்லியிருக்கீங்க. இத்தனை வருஷ உழைப்பு, அம்மா. தலையில நீங்களே கல்லைப் போட்டுக்காதீங்க."

"போனா போகட்டும்."

"சரி," என்று எழுந்தார் ஷவ்கத். "வெளிய பெஞ்சு நெறைய உக்காந்திருக்காங்க. எங்க முன்னாலயே கேளுங்க. இப்பவே."

வீம்புக்குச் சொன்னாரா, இஃதிதால் பயந்துபோய்ப் பின்வாங்கட்டும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. இஃதிதால் கணினி வைத்திருந்த தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பெஞ்சின் முதல் ஆள் அஜமியிலிருந்து வரும் பெண். மடியில் மர்வான் என்று ஒரு குண்டுப் பையன். இஃதிதால் அவள் முன் நின்று, "அக்கா, நான் டாக்டர் இல்ல" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அந்தப் பெண் பாதியில் எங்களைப் பார்த்தாள். யாராவது சிரித்து இது விளையாட்டு என்று சொல்வோம் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

"நீங்க டாக்டர் இல்லையா?"

"இல்ல."

"மாசா மாசம் ரெண்டு வண்டி மாறி இவனைத் தூக்கிட்டு வந்தேனே, வெயில்ல!" எழுந்துவிட்டாள். "நீ டாக்டர் இல்லையா? இவன் மண்டையில கை வைக்க நீ யாரு? உனக்கு புள்ளை இருந்தா தெரியும். அழி! நான் பாக்கணும், அழி!"

'நீங்க' என்பது 'நீ' ஆகிவிட்டது. இஃதிதாலின் விரல் விசையின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தினார். மர்வானின் தலைக்குள்ளிருந்து வந்த துடிப்பெல்லாம் போயிற்று. அந்தப் பெண் திரையை எட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டுதான் நகர்ந்தாள்.

அடுத்தவள் சிறு பெண். முகமெல்லாம் ஆர்வம், ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை.

"டாக்டர் இல்லன்னா எல்லாரும் ஏன் டாக்டர்ங்கறாங்க?"

"டாக்டர்தான். கணக்குல டாக்டர்."

"கணக்குக்கு என்ன நோய்?"

பெஞ்சே சிரித்தது. இஃதிதாலும் சிரித்தார். "அதைத்தான்மா நானும் தேடிட்டிருக்கேன்." அந்தப் பெண் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். "கேளு. அவர் சரின்னாலும் நீ வேணாம்னா வேணாம்தான்" என்றார் இஃதிதால். மூன்றாவது பெண் பேசவே இல்லை. தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினாள். இன்னொரு பதிவு போயிற்று. நாலாவது பெண் முறை வருவதற்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதுவும் ஒரு பதில்தான் என்று அவளுடையதையும் அழித்தார்.

ஷவ்கத் அருகில் வந்தார். அவர் முகத்தில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "போதும் இஃதிதால். இன்னும் எத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கப் போறீங்க? உள்ள வாங்க. நான் சொன்ன மாதிரியே செய்வோம்."

"மாட்டேன்."

சத்தம் கேட்டு பக்கத்து வார்டின் கதவு திறந்தது. ஜனாவின் அம்மா. தோளில் ஜனா, காதுக்குப் பின்னால் புதுக் கட்டோடு, கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் யார், என்ன நடந்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவள் உட்கார்ந்தாள். இஃதிதால் அவள் முன்னால் தரையில் குந்தினார்.

"உம்மு ஜனா," என்று பிள்ளை பெயர் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார். "நான் டாக்டர் இல்ல."

"தெரியும். என் புருஷன் போட்ட கூச்சல்ல கடல்ல இருக்கற மீனுக்கும் தெரியும்."

"அன்னிக்கு முடிஞ்சுதுன்னு நான் சொன்னது பதிவை. உன் பொண்ணு வியாதியை இல்ல. உனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கணும். சொல்லல."

"சொல்லல." அவள் குரலில் இரக்கம் இல்லை. "வாந்தி எடுக்க எடுக்க சோம்புத் தண்ணி குடுத்திட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன்னு மாமியார் சொன்னா. அவகூட சண்டை போட்டேன். டாக்டரம்மாவே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க, உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன்."

இஃதிதால் தள்ளுவண்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கேட்டார். "உன் பதிவெல்லாம் என்கிட்ட இருக்கு. அழிச்சிடவா, வச்சுக்கவா? அழின்னு சொன்னா உன் பொண்ணுக்கு இங்க நடக்கற வைத்தியத்துல எதுவும் குறையாது. அதுக்கு இவங்க சாட்சி."

"வச்சுகிட்டா ஜனாவுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"வேற புள்ளைங்களுக்கு?"

"தெரியாது."

"எப்பதான் தெரியும்?"

"இன்னும் நெறைய தலையைக் கேக்கணும். கேட்ட பிறகும் என் கணக்கு தப்புன்னு தெரியலாம்."

ஜனாவின் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராக, அவசரமில்லாமல். ஷவ்கத் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இவ பொறந்ததிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திட்டிருக்கேன்," என்றாள். "எல்லாருக்கும் எல்லாம் தெரியுது. எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியறதில்ல. தெரியாதுன்னு என்கிட்ட சொன்ன முத ஆளு நீ."

"வச்சுக்கலாமா, வேணாமா? நீ வேணாம்னு சொல்லலாம்."

"உனக்குக் காது மந்தமா? அன்னிக்கு எடுத்த பழசை அழி. அது அரைகுறை. புதுசா எடு. படுக்க வச்சும் எடு, நிமித்தி வச்சும் எடு. எனக்கு இன்னிக்கு எங்கயும் போற வேலை இல்ல." தோளில் இருந்த குழந்தையை மடியில் கிடத்தினாள். "இனிமே எவ வந்தாலும் முதல் வார்த்தையா இதைச் சொல்லு. சொல்லாம விட்டேன்னு காதுல விழுந்தா என் புருஷனை அனுப்ப மாட்டேன், நானே வருவேன்."

"சொல்றேன். ஆனா நல்லா யோசிச்சுக்கோ, உன் வீட்டுக்காரர்—"

"அட, பேசிகிட்டே இருக்கியே!"

அவள் இஃதிதாலின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல்களை விரித்து, குழந்தையின் நெற்றிக்கு மேலே, கட்டு முடிந்து முடி தொடங்கும் இடத்தில் தானே கொண்டுபோய் வைத்தாள். ஜனா கட்டை விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை.

ஷவ்கத் ஓர் அடி முன்னால் வந்தார். "இஃதிதால், இதெல்லாம் முறைப்படி குழு முடிவு செய்த பிறகுதான்..."

இஃதிதால் திரும்பவில்லை. ஒரு கை குழந்தையின் உச்சிக்குழியில் அப்படியே இருந்தது. மறு கையைத் தோளுக்குப் பின்னால் உயர்த்தி, ஐந்து விரல் நுனிகளையும் ஒன்றாகக் குவித்து, மேல்நோக்கி நிறுத்திக் காட்டினார். எங்கள் தெருக்களில் டாக்ஸிக்காரனையும் பொறுமை இல்லாத கடன்காரனையும் அடம்பிடிக்கும் பிள்ளையையும் 'கொஞ்சம் இரு' என்று நிறுத்தி வைக்கும் சைகை அது. துறைத் தலைவருக்கு அதை யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. ஷவ்கத் வாயை மூடிக்கொண்டு நின்றார். குவிந்த அந்த விரல்களை இஃதிதால் கீழே இறக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.